தருமபுரி எம்.பி. டெல்லியில் பேசினால் ஊருக்கு என்ன வரும்? மருத்துவம், வங்கி, வெளியுறவு: ஒரு தொகுதி ஆய்வு

தருமபுரியில் "நம்ம எம்.பி. என்ன செஞ்சார்?" என்று கேட்டால் பேச்சு மொரப்பூர் ரயில் பாதையில்தான் தொடங்கும். 36 கிலோமீட்டர். பழைய குறுகிய பாதையை 1941இல், போர்க்காலத்தில் மூடினார்கள். புதுப் பாதைக்கு அடிக்கல் போட்டது 2019 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்னால். ரயில், மேம்பாலம், எக்ஸ்பிரஸ் நிற்க ஒரு நிறுத்தம், இவ்வளவுதான் எங்கள் ஊரில் ஒரு எம்.பி.க்கு மதிப்பெண் போடும் பாடத்திட்டம். அவர் மருத்துவ மசோதாவிலோ வங்கி மசோதாவிலோ இலங்கை விவகாரத்திலோ என்ன பேசினார் என்று கேட்டால் "அதெல்லாம் டெல்லி விஷயம்ங்க" என்று டீ கிளாஸை வைத்துவிடுவார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த மூன்று துறையும்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்குள் நேராக வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் இன்னொன்றும் உண்டு: எங்களைத் தொட்ட முடிவுகளில் பெரும்பாலானவை நாடாளுமன்ற விவாதத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. விதியாக, உத்தரவாக, ஒப்பந்தமாக, பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தவை. அப்படியானால் விவாதத்தில் ஒருவர் எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணுவதில் என்ன பயன்? எதை நோக்கி எழுந்தார் என்றுதான் பார்க்க வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களை வைத்து அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

முதலில் ஆட்கள். தருமபுரித் தொகுதிக்கு டாக்டர் ராசி உண்டு. 2004இல் பா.ம.க.வின் டாக்டர் ஆர்.செந்தில். 2014இல் அன்புமணி ராமதாஸ், 77,146 வாக்கு வித்தியாசத்தில். 2019இல் அவரைத் தோற்கடித்த தி.மு.க.வின் எஸ்.செந்தில்குமார் கதிரியக்க மருத்துவர். அதே 2019–24இல் பக்கத்துக் கிருஷ்ணகிரியில் காங்கிரஸின் டாக்டர் செல்லக்குமார். இப்போது தருமபுரியில் தி.மு.க.வின் ஆ.மணி, 2024இல் சௌமியா அன்புமணியை 21,300 வாக்கில் வென்றவர். கிருஷ்ணகிரியில் காங்கிரஸின் கே.கோபிநாத். இத்தனை டாக்டர்களை அனுப்பியிருக்கிறோமே, மருத்துவ விவாதத்தில் கொடி பறந்திருக்குமே என்று தோன்றலாம். அவையின் கணக்கு அப்படி ஓடுவதில்லை.

ஒரு மசோதாவுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால் அதைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிப்பார்கள். 2014இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க.வுக்கு 37, பா.ஜ.க.வுக்கு ஒன்று, பா.ம.க.வுக்கு ஒன்று. அந்த ஒன்றுதான் தருமபுரி. ஐந்து ஆண்டு மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணியே ஆனாலும், ஓர் உறுப்பினர் கட்சிக்கு 'மற்றவர்கள்' கணக்கில் இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. வணக்கம் சொல்லித் தலைப்புக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். சரி, பெரிய கட்சியில் இருந்தால்? அங்கே முதலில் எழுவது மூத்தவர்கள். முதல் முறை எம்.பி.க்கு மாலை ஏழு மணிக்கு மேல், பாதி நாற்காலி காலியான பிறகு வாய்ப்பு வரும். கடைசியில் பொத்தானை அழுத்தும்போது கொறடா சொன்னபடிதான் அழுத்த வேண்டும். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி.

பட்ஜெட்டாவது துறைவாரியாக விவாதிக்கப்படுமா என்றால் அதுவும் இல்லை. எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும், அதாவது செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் பட்டியல்களையும், பேச நேரம் கிடையாது. நாலைந்தை எடுத்துப் பேசிவிட்டு மிச்சத்தை ஒரே வெட்டாக வெட்டி நிறைவேற்றுவார்கள். அதற்கு 'கில்லட்டின்' என்றே பெயர். 2023 மார்ச்சில் அந்த நாலைந்தும் இல்லை. சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் அமளிக்கு நடுவில் விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறியது. அந்த ஆண்டு சுகாதாரத்துக்கும் வெளியுறவுக்கும் நம்ம எம்.பி. என்ன பேசினார் என்று தேடினால் மானியக் கோரிக்கை விவாதத்தில் எதுவும் கிடைக்காது. அந்த விவாதமே நடக்கவில்லையே.

துறைவாரியாக மசோதாவையும் செலவையும் ஆராயும் நிலைக்குழுக்கள் உண்டு, 24. ஒவ்வொன்றிலும் 31 பேர். வேலை உருப்படியாக நடப்பது அங்கேதான். ஆனால் பொதுவாக ஓர் உறுப்பினருக்கு ஒரு குழுதான். வங்கியைப் பார்ப்பது நிதிக் குழு, வெளியுறவுக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு மாநிலங்களவைத் தலைவரின் கீழ் இயங்கும் இன்னொன்று. ஆகவே "மூன்று துறையிலும் முழங்கினார்" என்று ஒருவருக்குப் போஸ்டர் அடித்தால், அதில் குறைந்தது இரண்டில் அவர் கோப்புகளைப் பார்க்காமல், சாட்சிகளை விசாரிக்காமல், செய்தித்தாளை வைத்துப் பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். தப்பில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

இனி மருத்துவம். இதில் தருமபுரி எம்.பி.க்களில் பேச நிறைய இருப்பது அன்புமணியைப் பற்றித்தான், அவர் அமைச்சராக இருந்ததால். 2004 முதல் 2009 வரை சுகாதாரத் துறை அவரிடம் இருந்தது. அப்போது அவர் மாநிலங்களவை உறுப்பினர். அந்தக் காலத்தின் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, எய்ம்ஸ் இயக்குநர் வேணுகோபாலுடன் நடந்த மோதல். 2007இல் எய்ம்ஸ் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து இயக்குநருக்கு 65 வயது வரம்பு வைத்தார்கள். இரு அவைகளிலும் விவாதம், வாக்கெடுப்பு எல்லாம் முறைப்படி நடந்தது, வேணுகோபால் வெளியேற்றப்பட்டார். 2008 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே ரத்து செய்தது. ஒரே ஒரு மனிதரைக் குறிவைத்த சட்டம் என்பதுதான் அதன் சாரம். இரண்டாவது, பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை. 2008 அக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் புதுச் சட்டமே தேவைப்படவில்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அதன் கீழ் விதிகளைத் திருத்தி அறிவித்தார்கள், முடிந்தது. எந்த அவையிலும் நாள் முழுக்க விவாதம் நடக்கவில்லை. அவைகளில் விவாதித்து நிறைவேற்றிய சட்டம் ஆறு மாதம்கூட நிற்கவில்லை. விதியாக வந்த தடைதான் இன்றைக்கும் தருமபுரி பேருந்து நிலையத்துப் பலகையில் இருக்கிறது. (பலகைக்குக் கீழேயே நின்று பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.)

விதிகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிகரெட் பெட்டியில் 85 விழுக்காடு அளவுக்கு எச்சரிக்கைப் படம் என்று 2014 அக்டோபரில் அறிவிப்பு வந்தது, 2015 ஏப்ரல் 1 முதல் அமலாக வேண்டியது. அதைத் துணைநிலைச் சட்டங்களுக்கான மக்களவைக் குழு (அமைச்சகங்கள் போடும் விதிகளைப் பரிசீலிக்கும் குழு) எடுத்துக்கொண்டு நிறுத்திவைக்கச் சொன்னது. புகையிலையால் புற்றுநோய் வரும் என்று இந்தியாவில் ஆய்வே இல்லை என்றார் அந்தக் குழுவின் தலைவர் திலீப் காந்தி. குழுவில் இருந்த ஷியாம் சரண் குப்தா சொந்தமாகப் பீடித் தொழில் செய்பவர். ஓராண்டு தள்ளிப்போய் 2016 ஏப்ரலில்தான் அது நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் புகைக்கத் தடை கொண்டுவந்த மனிதர் அப்போது அதே மக்களவையில்தான் தருமபுரி உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்! முடிவைப் பிடித்து நிறுத்த முடிந்தது ஒரு குழு அறையில் இருந்த சிலரால். வெளியே உட்கார்ந்திருந்தவருக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அந்த அறையில் நாற்காலி இல்லை. யாரும் பெயரே கேள்விப்படாத குழுக்களில் நம்ம எம்.பி. இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஊர் மருத்துவத்துக்கு வருவோம். பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளிப் பக்கம் வளர்ந்தவர்களின் பல்லைப் பார்த்தால் தெரியும். முன்பல்லில் காவி நிறத்தில் குறுக்குக் கோடு, சிலருக்குப் பழுப்புத் திட்டு. போட்டோ எடுக்கும்போது உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போன கதை பல வீட்டில் உண்டு. வயதானவர்களில் சிலருக்கு முட்டியும் முதுகும் விறைத்துப்போய்க் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. எல்லாம் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு உப்பின் வேலை. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பாறைக்குள் போர் இறக்க இறக்க இங்கே அது ஏறிக்கொண்டே போகும். பற்பசை மாற்றியோ மாத்திரை போட்டோ தீராது, தண்ணீரையே மாற்ற வேண்டும். ஃபுளோரோசிஸ் எனும் இந்த நோயின் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைச் சுகாதார அமைச்சகம் 2008–09இல் தொடங்கியது, தருமபுரியும் அதில் சேர்ந்தது. ஆனால் அந்தத் திட்டத்தால் பல்லைப் பரிசோதிக்க முடியும், தண்ணீரைச் சோதிக்க முடியும், குழாயில் காவிரியைக் கொண்டுவர முடியாது.

காவிரியைக் கொண்டுவந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம். 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி ஏப்ரலில் வேலை நின்றது, பிறகு தொடர்ந்தது, 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். செலவு சுமார் 1,929 கோடி. பணத்தில் பெரும்பங்கு ஜப்பானிய அரசு நிறுவனம் தந்த கடன், அதன் இன்றைய பெயர் ஜைகா. இந்த ஒரு திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்: நோய் சுகாதாரத் துறையுடையது, கடன் மத்திய நிதியமைச்சகம் வழியாக அரசுக்கும் அரசுக்கும் இடையே வந்தது, கடன் தந்தது வேறொரு நாடு, ஆற்று நீரில் பக்கத்து மாநிலத்தோடு தகராறு. மருத்துவம், நிதி, வெளியுறவு மூன்றும் பாலக்கோட்டுத் தெருக்குழாயில் ஒன்றாக வருகின்றன. இந்தக் கடனுக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளிநாட்டோடு ஒப்பந்தம் செய்ய நம் அரசியலமைப்பில் மத்திய அரசு அவையின் ஒப்புதலை முன்கூட்டி வாங்க வேண்டியதில்லை. பல நாடுகளில் இப்படி இல்லை, இங்கே இப்படித்தான்.

வங்கி விஷயத்தில் தருமபுரிக்கு ஒரு பெருமை உண்டு, எங்கள் பிள்ளைகளுக்கே அது சொல்லித் தரப்படுவதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் அரசுத் திட்டமாகத் தொடங்கியது 1989இல், தருமபுரியில்தான், அதாவது கிருஷ்ணகிரி பிரியாத பழைய மாவட்டத்தில். பணம் வந்தது ரோமில் இருக்கும் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்திலிருந்து. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு நாடு முழுக்கக் குழு–வங்கி இணைப்பை 1992இல்தான் சோதனையாக ஆரம்பித்தது. இதுவும் வெளியுறவு வழியாக வந்த வங்கிதான்.

அதே ஊருக்கு அதியமான் கிராம வங்கி என்று சொந்தமாக ஒரு வங்கி இருந்தது. தலைமை அலுவலகம் தருமபுரி. 2006இல் அது வள்ளலார் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் கிராம வங்கி ஆகி, தலைமை சேலத்துக்குப் போனது. 2019 ஏப்ரலில் பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி. இணைப்புகள் எல்லாம் அரசாணை அறிவிப்புகள்தாம். அவைக்கு வந்தது 2014 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறிய கிராம வங்கிகளுக்கான வட்டார ஊரக வங்கிச் சட்டத் திருத்தம்: மத்திய அரசும், கிராம வங்கிக்குப் பின்னால் நிற்கும் ஆதரவு வங்கியும் சேர்ந்து பங்குகளில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, மீதியை வெளியாருக்குத் திறக்கலாம் என்றது. ஊருக்குள் வங்கி இருந்த காலத்தில் மேலாளர் வரை முகம் தெரியும், இப்போது கடன் தள்ளிப்போனால் "ஹெட் ஆபீஸில் கேட்கணும்" என்கிறார்கள். இணைப்பே தவறு என்று நான் சொல்லவில்லை, சின்ன வங்கி தாக்குப்பிடிப்பது கஷ்டம்தான். ஆனால் இணைப்பு அறிவிப்பு வரும் ஒவ்வொரு முறையும் எத்தனை கிளை மூடுகிறது, எத்தனை கடன் அதிகாரி குறைகிறார் என்று எழுத்துப்பூர்வமாக ஒரு கேள்வி போட ஒரு எம்.பி.க்குச் செலவு ஒரு தாள்.

இப்போது நகைக்கடனுக்கு வருகிறேன். இதுதான் இந்த ஆய்வின் மையம் என்றே சொல்வேன். இங்கே விதைக்கும் உரத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நகை வங்கிக்குப் போகும், அறுவடையில் திரும்பும், அல்லது திரும்பாது. முன்பெல்லாம் ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு போட்டுக்கொள்வார்கள். நகை பெட்டியை விட்டு வெளியே வராது, பழைய ரசீதுக்குப் பதில் புது ரசீது. 2024 செப்டம்பரில் நகைக்கடன் நடைமுறைகளில் கோளாறுகள் இருப்பதாக ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்ட பிறகு பல வங்கிகள் அசலையும் முழுசாகக் கட்டு, அப்புறம் மறுபடி வை என்று பிடிவாதம் பிடித்தன. முழு அசலும் கையில் இருக்கிறவர் எதற்கு அடகு வைக்கப் போகிறார்? எங்கள் பெரியம்மா மூன்று சவரன் செயினுக்கு அதைத்தான் கவுண்டரில் கேட்டார், பதில் இல்லை. வங்கிக்கு எதிரே இதற்கென்றே ஆள் நிற்கிறார். காலையில் பணம் தருவார், கூடவே வங்கிக்குள் வருவார், நகை மீட்டு மறுபடி வைத்துக் கடன் தொகை கணக்கில் ஏறியதும் மதியத்துக்குள் அசலையும் ஒரு நாள் கமிஷனையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கந்துவட்டியை ஒழிக்க வந்த வங்கி, கந்துவட்டிக்காரருக்கு வாசலிலேயே பிழைப்பு வைத்துக் கொடுத்த கதை இது.

அப்புறம் 2025 ஏப்ரல் 9 அன்று புது வரைவு விதிகள் வந்தன. நகை உங்களுடையதுதான் என்பதற்குச் சான்று வேண்டும் என்பது மாதிரி நிபந்தனைகள். பாட்டி போட்ட தாலிக்கொடிக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் கொதித்தார்கள், முதலமைச்சர் கடிதம் எழுதினார், சிறு கடன்காரர்களுக்கு விலக்கு கொடுக்கலாம் என்று நிதியமைச்சகமே மே மாத இறுதியில் ரிசர்வ் வங்கிக்குச் சொன்னது. ஜூன் 6 அன்று இறுதி விதிகள்: இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை, சொந்த நகை என்பதற்கு உறுதிமொழி போதும், 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறை. போராட்டத்துக்குப் பலன் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். பட்ஜெட் கூட்டத்தொடர் ஏப்ரல் 4 அன்று முடிந்தது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 21 அன்று தொடங்கியது. வரைவு வந்ததும் இறுதியானதும் இரண்டுக்கும் நடுவில். இந்த இரண்டு மாவட்டத்தில் இத்தனை வீட்டைத் தொட்ட ஒரு வங்கி முடிவுக்கு, பிறந்தது முதல் முடிந்தது வரை, நாடாளுமன்றம் ஒரு நாள்கூடத் திறந்திருக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் மாநிலங்களவையில் நிறைவேறிய வங்கிச் சட்டத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம், கூட்டுறவு வங்கி இயக்குநர் பத்து ஆண்டு இருக்கலாம். இரண்டு அவையிலும் விவாதம் நடந்தது. நல்ல மாற்றங்கள்தான், ஆனால் காரிமங்கலம் சந்தையில் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

வெளியுறவில் எங்களுக்குக் கடல் இல்லை, மீனவர் இல்லை. கச்சத்தீவு என்று பேசினால் கைதட்டுவோம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் அணைக்கரைகளில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே பெயின்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019 டிசம்பரில், அண்டை நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தரும் குடியுரிமைத் திருத்த மசோதா வந்தபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகள்தாம் அதில் இருந்தன, இலங்கை இல்லை. மாநிலங்களவையில் 125க்கு 105. முன்னாள் தருமபுரி எம்.பி. அன்புமணி அப்போது மாநிலங்களவையில், ஆதரித்து வாக்களித்தார். தருமபுரியின் அன்றைய எம்.பி. இருந்த தி.மு.க. எதிர்த்தது. ஒரே ஊர் வாக்காளர்கள் வெவ்வேறு தேர்தலில் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் நிற்க, முகாமில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் இல்லை. இதில் என் கருத்து தெளிவானது: அணை முகாமுக்குப் பக்கத்து ஊர்களில் வாக்குக் கேட்டுப் போன ஒருவர், இலங்கையைச் சேர்க்காமல் அந்த மசோதாவுக்குக் கை தூக்கியிருக்கக் கூடாது.

பிறகு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 2025 மார்ச், ஏப்ரலில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் இரு அவையிலும் நிறைவேறியது. அதன் கீழ் செப்டம்பரில் உள்துறை ஒரு விலக்கு உத்தரவு போட்டது: 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. குடியுரிமை இல்லை, ஆனாலும் தலைக்கு மேல் தொங்கிய கத்தி இறங்கியது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஆகஸ்ட் 21 அன்றே முடிந்துவிட்டது. மறுபடியும் அவை பூட்டியிருக்கும்போது வந்த உத்தரவு. அதோடு இது வெளியுறவு அமைச்சகத்தின் கோப்பே அல்ல, உள்துறையுடையது. வெளியுறவு விவாதத்தில் ஈழத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு உட்காருகிறவர் தவறான கதவைத் தட்டுகிறார்.

மாம்பழமும் அப்படித்தான். காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கம் விளையும் பெங்களூரா மாங்காய் மாங்கூழ் ஆலைக்குப் போகிறது, அங்கிருந்து டப்பாவில் அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டுச் சுற்றிப் போக வேண்டி வந்ததும் சரக்குக் கூலி ஏறியது. 2025 சீசனில் விலை கிலோவுக்கு நாலைந்து ரூபாய் வரை விழுந்தது. பறிக்கும் கூலிக்கே காணாது என்று மரத்தோடு விட்டவர்கள் உண்டு. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். செங்கடல் வெளியுறவு, ஏற்றுமதி வணிக அமைச்சகம், கூழ் ஆலை உணவு பதப்படுத்தும் துறை, விலை தாங்குவது வேளாண்மை, ஆலை வாங்கிய கடன் நிதி. கிருஷ்ணகிரி எம்.பி. இதை எந்த அமைச்சரிடம் கேட்பார் என்பதிலேயே அவருடைய திறமை தெரிந்துவிடும். மேலோட்டமாகக் கேட்டால் "இது எங்கள் துறை சார்ந்தது அல்ல" என்று ஒரு வரியில் பதில் வரும், விவசாயி அதைப் பார்த்துச் சிரிப்பார்.

இந்த இடத்தில் செந்தில்குமார் விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் ஜம்மு காஷ்மீர் மசோதாக்கள் மீதான விவாதத்தில் வட மாநிலங்களைப் பற்றி அவர் சொன்ன 'கோமூத்திர' வார்த்தை நாடு முழுக்கத் தீப்பிடித்தது. அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார்கள், மறுநாள் அவையிலேயே வருத்தம் தெரிவித்தார். அன்றைக்கு அந்த மசோதாக்களைப் பற்றி அவர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டால் எங்கள் ஊரிலேயே சொல்ல ஆள் கிடைக்காது. கிடைக்கும் சில நிமிடத்தை இப்படி விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

சரி, எதற்குத்தான் பல் இருக்கிறது? எழுத்துப்பூர்வக் கேள்விக்கு. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20, எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள் பட்டியலாகும். பதினைந்து நாள் முன்னால் நோட்டீஸ். விதி 377 இருக்கிறது, 250 சொல்லுக்குள் ஒரு கோரிக்கையைப் பதிவு செய்யலாம், அமைச்சகம் பதில் அனுப்ப வேண்டும். அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேசியது டிவியில் வரும், ஆனால் அதற்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. எனவே பத்து பூஜ்ய நேரப் பேச்சைவிட ஒரு நல்ல எழுத்துக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மதிப்புக் கொடுப்பேன். ஒரு எம்.பி.க்கு இத்தனை நூறு கேள்வி என்று போஸ்டர் அடிப்பவர்களையும் அப்படியே நம்ப வேண்டாம். பல கேள்விகள் உதவியாளர்கள் அச்சு வார்த்தது போல எழுதிப்போடுவது: திட்டத்தின் விவரம் என்ன, எவ்வளவு நிதி, மாநில வாரியாக என்ன. பதிலும் அதே அச்சில் வரும்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்றால், அடுத்த கூட்டத்தொடருக்கு மணியோ கோபிநாத்தோ இப்படிப் போடலாம். நிதியமைச்சருக்கு: நகைக்கடன் விதிகள் நடைமுறைக்கு வந்த பின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பொதுத்துறை வங்கிகளும் தமிழ்நாடு கிராம வங்கியும் வட்டி மட்டும் வாங்கிப் புதுப்பித்த கணக்குகள் எத்தனை, அசலை முழுக்கக் கட்டச் சொல்லி மறுத்தவை எத்தனை. உள்துறைக்கு: செப்டம்பர் உத்தரவுப்படி இந்த இரு மாவட்ட முகாம்களில் விலக்கு பெற்றவர் எத்தனை, பதிவுச் சான்று இல்லாததால் வெளியே நிற்பவர் எத்தனை. சுகாதாரத்துக்கும் ஜல் சக்திக்கும் தனித்தனியாக: ஒகேனக்கல் குழாய் போன ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், ஃபுளோரைடு குறைந்திருக்கிறதா. முகாம் மக்களிடமோ மகளிர் குழுக் கூட்டமைப்பிலோ யாராவது இதை எழுதி எம்.பி. அலுவலகத்தில் கொடுத்தாலும் போதும், எழுதிப் போடுவது அவர்கள் வேலை.

பதிலில் "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று வந்தால் பலர் ஏமாற்று வேலை என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. அந்த வரி ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒரு குழு இருக்கிறது, நிறைவேற்ற அமைச்சகத்துக்குக் கெடு மூன்று மாதம். பதில் வந்த தேதியை எம்.பி. அலுவலகத்தில் யாராவது நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்களா என்று போய்க் கேளுங்கள்.